பெரட்டு

வீரபுத்திரனை நாங்கள் தூக்கியது
பதினேழாம் பிளாக்கில், வெட்டிப்போட்ட மட்டைகளின் மேலிருந்து.
தொப்பி தனியாகக் கிடந்தது,
அதில் கால்வாசி மழைத்தண்ணீர்.
சார்ஜன் ஹாலிம் அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டார்.
பிறகுதான் போட்டோ எடுத்தோம்.

பத்து மணிக்குள் ஆள் கிடைத்துவிட்டான்.
ரோஃபிகுல், வங்காளதேசம், வயது இருபத்து நான்கு.
அவன் பாஸ்போர்ட் செத்தவரின் மேசையில்,
ரப்பர் வளையம் போட்ட பதினொன்றில் ஒன்று.
போன வாரம் சம்பளத்துக்காகக் கத்தியிருக்கிறான்.
சட்டையில் ரத்தம். மட்டை முள் கிழித்தது என்றான்.
படிக்கத் தெரியாத மலாயில்
மூன்று பக்கத்துக்குக் கையெழுத்தும் போட்டான்.

பீடோர் மூச்சு விட்டது.
ஒட்டுக்கடையில் என் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.
கோயில் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு,
"நம்மாளு யாருமில்ல, அது போதும் சார்" என்றார்.
நானும் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவன்தான்.
எந்தத் தோட்டம் என்று யாரிடமும் சொன்னதில்லை.
அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் நிறுவைக் கொட்டகையில்
புஷ்பலீலா ஒரு சீட்டை நீட்டினாள்.
காலை ஏழு நாற்பது. ரோஃபிகுல்.
உதிரிப்பழம், ஆறு மூட்டை.
கொலை நடந்த நேரம்தான்.
பதினேழாம் பிளாக் மோட்டாரில் இருபது நிமிடம்.
ஏழு மணிவரை எல்லாச் சீட்டிலும்
அவளுடைய அச்சு மாதிரி எழுத்து.
இதில் லாரி டிரைவரின் கோணல்.
"இவன் இங்க இருந்தான் சார்" என்றாள்.
தராசுத் தட்டைத் துணியால் துடைத்தாள்.
"நான் இல்ல."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவளே பழைய செக்ரோலைப் பிரித்து வைத்தாள்.
மார்ச் பதினான்கு. தனபாலன்.
அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டு
நின்றவாக்கில் கருகியவன், அவள் புருஷன்.
அவன் கட்டத்தில் 'வரவில்லை' என்ற குறி.
வேலைக்கு வராதவன் செத்தால் சொக்சோ கிடையாது.
"எழுதச் சொன்னது கன்ட்ராக்டரு. எழுதினது நான்."
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்.
பிளேடால் சுரண்டிய இடத்தில்
பழைய டிக் இன்னும் மங்கலாக.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.
முதல் நாள், யோசிக்கலாம் என்று.
இரண்டாம் நாள், கோர்ட்டில் வேறு வழக்கு.
மூன்றாம் நாள் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து
ஓடிப்போய் எடுத்தேன்.
வியர்வையில் ஏழு நாற்பது லேசாகக் கலைந்திருந்தது.
இன்னும் இரண்டு நாள் போட்டால்
அதுவே அழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது.
வந்ததும் நான் அதை விரட்டவில்லை.

நாலாம் நாள் லாக்கப் கம்பி வழியாக
ரோஃபிகுல் ஒன்று கேட்டான்.
விடுதலையைப் பற்றி இல்லை.
"அந்த ஆறு மூட்டைக்குக் காசு போட்டாங்களா?"

மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றேன்.
மண்டோர் டார்ச் வெளிச்சத்தில் பேர் வாசித்தார்.
பழக்கத்தில் ரோஃபிகுல் என்றும் கூப்பிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.
புஷ்பலீலா பேர் வந்தபோது
"இருக்கேன்" என்றாள், எப்போதும் போலச் சத்தமாக.
என்னைப் பார்த்துச் சொன்னாளா,
இருட்டில் தெரியவில்லை.

சீட்டைக் கோப்பில் சேர்த்தேன்.
செக்ரோல் தாளையும் சேர்த்தேன்.
அது வேறு விஷயம் என்று பெரியவர் உருவிப் போட்டார்.
எடுத்துச் செருகி, பக்க எண் போட்டேன்: நாற்பத்து மூன்று.

ஒட்டுக்கடையில் இப்போது காசு வாங்குகிறார்கள்.
மீதியைக் கையில் தருவதில்லை, மேசையில் வைக்கிறார்கள்.

ஆனால் கோப்பில் ஒரு கட்டம் உண்டு.
சாட்சியம் கைக்கு வந்த தேதி.
அதில் ஐந்தாம் நாளின் தேதியை எழுதினேன்,
நல்ல திருத்தமான எழுத்தில்.
இடையில் போன நாட்களில் எந்த நாள் என்று தெரியாது,
ரோஃபிகுலுக்கு
இடது காது கேட்காமல் போனது.